எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரிக் கார் வைத்திருந்தால் வண்டியோடு சேர்ந்து கேள்விகளும் வரும். சார்ஜர் பக்கத்தில், அலுவலக வாசலில், உறவினர் வீட்டில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் கேட்பார். சிலர் வாங்கும் எண்ணத்தில் கேட்கிறார்கள், சிலர் வாதத்துக்குக் கேட்கிறார்கள். யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் நல்லது. வண்டியைத் தூக்கிப் பேசி வாங்க வைத்தால், பொருந்தாத இடத்தில் அவர்தான் கஷ்டப்படுவார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கடைசியில் சில கேள்விகள் வண்டி வைத்திருப்பவர்களே கேட்டவை.

ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும்?

பேட்டரி எவ்வளவு பெரியது, எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது. நடுத்தர அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் மின்சாரம் எடுக்கும். இப்போது விற்கும் கார்கள் பலவற்றில் 40 முதல் 80 யூனிட் பிடிக்கும் பேட்டரி இருக்கிறது. 60 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், ஊருக்குள் நிதானமாக ஓட்டும்போது 400 கிலோமீட்டரை ஒட்டி வரும். நெடுஞ்சாலையில் விரட்டினால் 300 வரும்.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் கூடும். இங்கே ஊருக்குள் நின்று நின்று போகும்போது தூரம் அதிகம் கிடைக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதுதான் பெரிய செலவு. 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடிவிடும். பெட்ரோல் வண்டியையும் இதே காற்றுதான் தடுக்கிறது. ஆனால் அதன் எஞ்சினில் வெப்பமாக வீணாவதே மிகப் பெரிது என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

யாராவது கேட்டால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தைச் சொல்லாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் கிடைத்த கணக்கு. நீங்கள் ஓட்டும் சாலையில், உங்கள் வேகத்தில் கிடைப்பதைச் சொல்லுங்கள். அந்த எண் சிறிதாக இருந்தாலும் கேட்பவர் அதை நம்புவார்.

சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்? பெட்ரோல் என்றால் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாமே!

நெடுந்தூரப் பயணத்தில் பெட்ரோல்தான் வேகம். அதை மறுக்கவே வேண்டாம். வழியில் இருக்கும் வேக சார்ஜர்களில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற வண்டியைப் பொறுத்து 20 முதல் 40 நிமிடம் ஆகும். சார்ஜர் பழையதாகவோ சக்தி குறைந்ததாகவோ இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

80-க்கு மேல் ஏன் மெதுவாகிறது என்று அடுத்ததாகக் கேட்பார்கள். காலியான அரங்கில் முதலில் வருபவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் வருபவர்கள்தான் இடம் தேடி அலைவார்கள். பேட்டரிக்குள் மின்னேற்றத்தைச் சுமந்து நகரும் லித்தியம் அயனிகளின் நிலையும் அப்படித்தான். அவசரப்படுத்தித் திணித்தால் பேட்டரி கெடும் என்பதால் வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் பயணத்தில் 80-க்குள் எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

மற்ற நாட்களில் இந்தக் கேள்வியே எழாது. இரவில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறோம், காலையில் வண்டி தயாராக இருக்கிறது. நாம் செலவழிக்கும் நேரம் பிளக்கைச் செருகி எடுக்கும் நேரம் மட்டும்தான்.

வீட்டில் சாதாரண பிளக்கில் போடலாமா?

போடலாம். 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக் என்றால் 2.3 கிலோவாட் கிடைக்கும். பத்து மணி நேரத்தில் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் அளவுக்கு ஏறிவிடும். பெரும்பாலானோரின் தினசரி ஓட்டத்துக்கு இதுவே அதிகம். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் இருந்தால் பெரிய பேட்டரிகூட ஒரே இரவில் நிறையும்.

ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இதில் நான் கண்டிப்பு. சாதாரண பிளக் பாயின்ட் பல மணி நேரம் தொடர்ந்து முழுச் சுமையைத் தாங்கும்படி பெரும்பாலும் அமைக்கப்படுவதில்லை. பழைய வயரிங், தளர்ந்த சாக்கெட், எக்ஸ்டென்ஷன் கம்பி ஆகியவை சூடேறி உருகும். தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து சார்ஜருக்கென்று தனி லைன் இழுத்து, எர்த் சரிபார்த்து, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கரும் போட்டுக்கொண்ட பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்.

நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும். கேனில் கொண்டுவந்து ஊற்ற முடியாது. இழுக்கும்போதும் முடிந்தவரை முழு வண்டியையும் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சுழலும் சக்கரத்தோடு மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் என்பதால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சக்கரம் தரையில் உருள இழுக்க வேண்டாம் என்கிறார்கள்.

ஆனால் திடீரென்று நிற்காது. 20 சதவீதத்தில் ஒரு முறை, 10-ல் ஒரு முறை என்று வண்டி எச்சரித்துக்கொண்டே வரும், பக்கத்து சார்ஜருக்கு வழி காட்டும், கடைசியில் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தேடிப் போன சார்ஜர் பழுதாகி நிற்கலாம், அல்லது அங்கே வரிசை இருக்கலாம். அதனால் இன்னொரு சார்ஜரை எட்டும் அளவுக்குச் சார்ஜ் மீதம் வைத்துக்கொண்டே நெடுஞ்சாலையில் போக வேண்டும்.

கியர் இல்லை, கிளட்ச் இல்லை. அப்புறம் ஓட்டுவதில் என்ன இருக்கிறது?

அமைதி இருக்கிறது, மிதித்த நொடியில் பாயும் இழுவை இருக்கிறது. பேட்டரி தரையோடு கிடப்பதால் வளைவுகளில் வண்டி நிலையாக நிற்கும். கியர் மாற்றுவதையே ரசிப்பவருக்கு இது ஈடாகாது. அவர் ரசனை அவருக்கு.

மழைத் தண்ணீரில் போனால் ஷாக் அடிக்காதா?

அடிக்காது. உயர் மின்னழுத்தச் சுற்று கார் உடலோடு தொடர்பில்லாமல் தனியே காப்பிடப்பட்டிருக்கிறது. காப்பு எங்காவது குறைகிறதா என்று வண்டி தானே கண்காணிக்கும், விபத்து நடந்தால் பேட்டரியைத் துண்டித்துவிடும். பல கார்களின் பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். மழையில் நின்றுகொண்டே சார்ஜரைச் செருகலாம். வண்டியும் சார்ஜரும் தமக்குள் பேசிச் சரிபார்த்த பிறகுதான் அதில் மின்சாரமே பாயும்.

வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டி வேறு விஷயம். குறிப்பாக உப்புத் தண்ணீர் ஆபத்தானது. 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கடல்நீர் புகுந்த எலக்ட்ரிக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. மூழ்கிய வண்டியை இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. கட்டடத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டுத் தயாரிப்பாளரின் ஆட்களை அழைக்க வேண்டும்.

தீப்பிடிக்குமாமே? வீடியோ பார்த்தேன்.

அந்த வீடியோ உண்மையாகவே இருக்கலாம். பேட்டரி என்பது பல சிறு செல்களின் தொகுப்பு. அதில் ஒரு செல் கெட்டு அளவு மீறிச் சூடானால் பக்கத்து செல்லையும் சூடாக்கும், அது அடுத்ததை. இப்படித் தொடங்கினால் நிறுத்துவது கடினம். தீயணைப்பு வீரர்கள் நிறைய தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எத்தனை வண்டிக்கு ஒன்று எரிகிறது என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் கார்கள் நிறைய ஓடும் நார்வே, ஸ்வீடன் நாடுகளின் தீ விபத்துப் பதிவுகளில், பெட்ரோல், டீசல் கார்களைவிட எலக்ட்ரிக் கார்கள் எரிவது மிகவும் குறைவு. எலக்ட்ரிக் கார்கள் சராசரியில் புதியவை, பழைய வண்டிதான் அதிகம் எரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எரிபொருளும் சூடான எஞ்சினும் அடுத்தடுத்து இருக்கும் வண்டியில் தீ புதிய செய்தியில்லை, அதனால் அதை யாரும் படம்பிடித்து அனுப்புவதில்லை.

தயாரிப்புக் குறையால் வந்த தீயும் உண்டு. செவ்ரோலே போல்ட் காரில் செல்களின் உள்ளே இருந்த குறையால் சில வண்டிகள் எரிந்து, 2021-ல் அந்த மாடல் முழுவதையும் பேட்டரிக் குறைக்காகத் திரும்ப அழைத்தார்கள். எந்த வண்டி வாங்கினாலும் திரும்ப அழைக்கும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியைத் தேர்ந்தெடுக்கலாம். நிக்கல் கலந்த வகையைவிட அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

அஞ்சு வருஷத்துல பேட்டரி போயிடும், அப்புறம் வண்டி விலைக்குப் பேட்டரி வாங்கணும். சரிதானே?

இந்தப் பயம் செல்போனிலிருந்து வருகிறது. போன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். போனில் பேட்டரியைக் குளிர்விக்க ஏற்பாடு கிடையாது, தினமும் முழுதாக நிரப்பிக் காலி செய்கிறோம். காரில் திரவம் ஓடிப் பேட்டரியின் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. முழுதாக நிரம்பாமலும் அடியோடு காலியாகாமலும் இருக்க, கொள்ளளவின் இரு முனைகளிலும் கொஞ்சம் இடத்தை வண்டி தொடாமல் ஒதுக்கி வைக்கிறது. 400 கிலோமீட்டர் போகும் பேட்டரியை 500 தடவை நிரப்பினாலே 2 லட்சம் கிலோமீட்டர் ஆகிவிடும்.

ஆயிரக்கணக்கான வண்டிகளின் பதிவுகளை அலசிய ஆய்வுகளில் சராசரி இழப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு. வாங்குமுன் அந்தத் தாளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இந்தப் பயத்துக்கு வரலாற்றில் ஒரு காரணமும் இருக்கிறது. 2010 கடைசியில் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பாலைவன வெயிலில் அந்த வண்டிகளின் தூரம் சீக்கிரமே குறைந்தது, 2012-ல் அது பெரிய புகாராக வெடித்தது. அந்தப் பெயர் இன்றுவரை எல்லா வண்டிகளின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் கடுமையான இடத்தில் இருப்பவர்கள் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பேட்டரி நீடிக்க நாம் ஏதாவது செய்ய வேண்டுமா?

பெரிதாக எதுவும் இல்லை. நிக்கல் கலந்த பேட்டரி என்றால் தினசரி 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றுங்கள். இரும்பு பாஸ்பேட் வகைக்கு வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். மீதம் எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டி சரியாகக் கணக்கிட அது தேவை. முழுச் சார்ஜோடோ, சுத்தமாகக் காலியாகவோ பல நாள் வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

சர்வீஸே தேவையில்லை என்கிறார்களே?

கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், சைலன்சர் எதுவும் இல்லாததால் செலவு நிச்சயம் குறையும். பிரேக் கட்டைகளும் நீண்ட நாள் வரும். ஆனால் டயர் சீக்கிரம் தேயும். வண்டியின் எடை அதிகம், முதல் மிதியிலேயே முழு இழுவையும் டயரில் இறங்குகிறது. குளிர்விக்கும் திரவம், பிரேக் ஆயில், ஏசி வடிகட்டி, சஸ்பென்ஷன் எல்லாம் வழக்கம்போல் பார்க்க வேண்டியவைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எலக்ட்ரிக் காரிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவு, விளக்கு, கணினி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் வண்டி கண் திறக்காது. வழியில் நின்றுபோகும் எலக்ட்ரிக் கார்களில் நிறைய வண்டிகளுக்குக் காரணம் இந்தச் சின்னப் பேட்டரிதான்.

டிராஃபிக்கில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டால் ஏசியே சார்ஜைக் காலி பண்ணிவிடாதா?

ஏசியும் மற்றவையும் சேர்ந்து ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 60 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தால் 30 யூனிட். ஒன்றரை கிலோவாட் கணக்கில் 20 மணி நேரம் ஓடும். நின்றுகொண்டிருக்கும்போது மோட்டார் எதுவும் எடுக்காது.

குளிர் நாட்டில் வேலை செய்யுமா?

செய்யும், தூரம் குறையும். கடுங்குளிரில் 20 முதல் 30 சதவீதம் வரை குறைவது சாதாரணம். பேட்டரியின் வேதியியல் மந்தமாகிறது, உள்ளே சூடாக்கவும் மின்சாரம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் வீணாகும் வெப்பமே வண்டியின் உள்ளே சூடாக்கிவிடும், இங்கே அந்த வசதி இல்லை. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஹீட் பம்ப் உள்ள வண்டியில் இழப்பு குறைவு. கிளம்புமுன் சார்ஜரில் இருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பனி கொட்டும் நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் முழு எலக்ட்ரிக்.

நிலக்கரியை எரித்துத்தானே கரண்ட் எடுக்கிறார்கள்? புகை வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர் யோசித்துக் கேட்கிறார். நிலக்கரி அதிகம் எரிக்கும் நாட்டில் இதன் நன்மை குறைவு என்பது உண்மை. பேட்டரி செய்யும்போதே கூடுதலாகக் கரியமில வாயு வெளியாவதும் உண்மை. புதிய எலக்ட்ரிக் கார் ஆலையிலிருந்து வெளியே வரும்போது பெட்ரோல் காரைவிட அதிகக் கரியமில வாயுக் கடனோடுதான் வருகிறது.

அந்தக் கடன் ஓட ஓட அடைகிறது. பெட்ரோல் எஞ்சின் தன்னிடம் ஊற்றிய ஆற்றலில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மோட்டாரோ 85 சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறது. 60 யூனிட் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் 7 லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு 300, 400 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் வீணாவது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும், அது என்றைக்கும் மாறாது. மின்சாரம் வருடா வருடம் சுத்தமாகிக்கொண்டு வந்தால், ஏற்கெனவே வாங்கிய காரும் கூடவே சுத்தமாகும்.

தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் வண்டி செய்வது முதல் ஆயுள் முடிவது வரை கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு பதிவாகும் நடுத்தர எலக்ட்ரிக் காரால் அதன் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயு, அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. சீனாவில் 37 முதல் 45, இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம் குறைவு. நிலக்கரியின் பங்கு அதிகமுள்ள இடத்தில் லாபம் சிறியது, ஆனால் ஆய்வு செய்த நாடுகளில் நட்டம் எங்கேயும் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "புகையே இல்லாத வண்டி" என்று சொன்னால் இந்தக் கேள்வியில் தோற்றுப்போவீர்கள், தோற்க வேண்டியதும்தான்.

கோபால்ட் சுரங்கத்தில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள். அது தெரிந்தும் வாங்கினீர்களா?

இதற்குத் தற்காப்பாகப் பேசக் கூடாது. உலகில் தோண்டி எடுக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகள் வேலை செய்வதை ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2016-ல் ஆவணப்படுத்தியது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. பெட்ரோலைச் சுத்திகரிக்கவும் கோபால்ட் பயன்படுகிறது என்று சிலர் திருப்பி அடிப்பார்கள். அது உண்மைதான் என்றாலும் கேட்டவரின் கவலைக்கு அது பதிலாகாது.

பதில் தேர்வில் இருக்கிறது. மேலே சொன்ன இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. 2024-ல் உலகெங்கும் எலக்ட்ரிக் கார்களுக்குப் போன பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி அந்த வகைதான். லித்தியம், கிராஃபைட் சுரங்கங்களின் பாதிப்பு அப்போதும் மிச்சமிருக்கிறது. ஒருமுறை எடுத்த உலோகத்தை மறுசுழற்சியில் மீட்டுத் திரும்பப் பயன்படுத்த முடியும், எரித்த பெட்ரோலை மீட்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம் அந்த மீட்பைக் கட்டாயமாக்குகிறது.

எல்லாரும் இதை வாங்கினால் கரண்ட் தாங்குமா?

வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 2,000 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். நாளைக்கு 6 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த உற்பத்தியைவிட நேரம்தான் பிரச்சினை. எல்லோரும் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் ஒன்றாகச் செருகினால் தெருவோர டிரான்ஸ்ஃபார்மர் திணறும். நள்ளிரவுக்கு மேல் ஏறும்படி வண்டியிலேயே நேரம் வைத்துவிடலாம். வண்டிகள் ஒரே நாளில் மாறப்போவதும் இல்லை. ஆனால் மின் கட்டமைப்பை வலுப்படுத்தும் வேலை தள்ளிப்போடக்கூடியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் கொஞ்ச நாள் மோகம். ஹைட்ரஜன் வரப்போகிறது, பொறுத்திருக்கலாமே?

எலக்ட்ரிக் கார் பெட்ரோல் காருக்குத் தம்பி இல்லை. 1899-லேயே கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் எலக்ட்ரிக் காரில்தான் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டினார். 1912-ல் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்து, கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை போனது. மலிவான எண்ணெயும் கிடைத்தது. கனமான ஈயப் பேட்டரியை வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் கார் போட்டி போட முடியவில்லை. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரிதான் கதையை மாற்றியது. அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெட்ரோல் எஞ்சினோடு சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள பிளக்-இன் ஹைப்ரிடையும் சேர்த்து, 2024-ல் உலகில் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் எலக்ட்ரிக் கார்கள் விற்றன. புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல்.

ஹைட்ரஜன் காரும் எலக்ட்ரிக் கார்தான், அதன் மின்சாரம் சுற்றுவழியில் வருகிறது. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வாயுவை அழுத்தி, எடுத்துச்சென்று, காருக்குள் மறுபடி மின்சாரமாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வீணாகிறது. அதே தூரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு மின்சாரம் தேவை. இரும்பு ஆலை, உரம் போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பயன்படட்டும். காருக்காக அதற்குக் காத்திருப்பதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மறைக்காமல் சொல்லுங்கள், யாரை வாங்க வேண்டாம் என்பீர்கள்?

வண்டி நிறுத்தும் இடத்தில் சார்ஜ் போட வழியில்லாதவரை இன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். அடுக்குமாடியில் சங்கம் அனுமதி தர மறுக்கலாம், வாடகை வீட்டில் உரிமையாளர் தயங்கலாம். பொது சார்ஜரை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதில் நேரமும் போகும், செலவிலும் மிச்சம் குறையும். வாரத்துக்குப் பல முறை நெடுந்தூரம் போகிறவர், சார்ஜர் இல்லாத வழியில் போகிறவர், கனமான வண்டியைப் பின்னால் கட்டி இழுப்பவர் ஆகியோருக்கும் இன்று இது பொருந்தாது. இழுவைச் சுமை கட்டினால் தூரம் பாதியாகக்கூடும்.

வருடத்தில் மிகக் குறைவாக ஓட்டுபவருக்கும் அவசரம் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வண்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு இதை வாங்கினால், நிலக்கரிக் கேள்வியில் சொன்ன அந்தத் தொடக்கக் கடன் அடைய அவருக்கு வெகுகாலம் ஆகும்.

பழைய எலக்ட்ரிக் கார் வாங்கலாமா?

பேட்டரியின் உடல்நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிறகு முழுச் சார்ஜில் ஒரு நீண்ட ஓட்டம் போய்ப் பாருங்கள். உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு மிச்சம், அது புதிய உரிமையாளருக்கு மாறுமா, அடிப்பகுதியில் அடிபட்டிருக்கிறதா, வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைக் கேளுங்கள். ஓடிய தூரத்தைவிட இவை முக்கியம்.

(வண்டி வைத்திருப்பவர் கேட்டது) என் மாமனார் என்ன சொன்னாலும் நம்புவதில்லை. பார்க்கும்போதெல்லாம் மட்டம் தட்டுகிறார். எப்படிப் பேசுவது?

முதலில் பேசுவதைக் குறைத்துக் கேளுங்கள். அவர் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார், வண்டியை எங்கே நிறுத்துகிறார், கடைசியாக நெடுந்தூரம் போனது எப்போது என்று கேட்டால், பேச்சு கொள்கையிலிருந்து அவர் வாழ்க்கைக்கு வந்துவிடும். பல நேரம் அவருடைய எதிர்ப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கும். எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு, தன் கைத்திறனுக்கு இனி மதிப்பில்லையோ என்ற வருத்தம் இருக்கலாம். மெக்கானிக்காகப் பிழைப்பவருக்கு இது வயிற்றுப்பாடு. அவரிடம் புள்ளிவிவரம் பேசுவது மரியாதையாகாது.

அவர் சொல்வதில் சரியானதைச் சரி என்று உடனே ஒப்புக்கொள்ளுங்கள். "ஆமாம் மாமா, தூரப் பயணத்தில் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது" என்று நீங்களே சொன்னால் அவர் அடுத்த வார்த்தையைக் கேட்கத் தயாராவார். அவருடைய வண்டி புகை கக்குகிறது என்று தொடங்காதீர்கள். நாம் வாங்கியதால் நாம் உயர்ந்தவர்களாகிவிடவில்லை. அதற்கு மேலும் அவர் மட்டம் தட்டினால் விட்டுவிடலாம். அவர் இதை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லையே.

(இதுவும் வண்டி வைத்திருப்பவர் கேட்டது) "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். எத்தனை பதில் சொன்னாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் சில நிமிடத்துக்கு ஈடாகாது. ஆனால் சாவியைக் கொடுக்குமுன் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லுங்கள். வண்டி இயங்கிக்கொண்டிருப்பது சத்தத்தால் தெரியாது, அதனால் காலை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கால் எடுத்தாலே வேகம் சட்டென்று குறையும், பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்க மாட்டார். முதலில் மீட்பு பிரேக்கை, அதாவது வேகம் குறையும்போது மின்சாரத்தைத் திருப்பும் ஏற்பாட்டை, குறைந்த அளவிலும், ஓட்டும் முறையை மிதமானதிலும் வைத்துக் கொடுங்கள். முதல் மிதி மென்மையாக இருக்கட்டும். நடந்து போகிறவர்களுக்கு வண்டி வருவது காதில் விழாமல் போகலாம். மெதுவாகப் போகும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் எல்லாப் புதிய எலக்ட்ரிக் கார்களுக்கும் விதி இருக்கிறது, ஆனால் பழைய வண்டிகளில் அது இல்லாமல் இருக்கலாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையாகப் பார்த்து, நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஓட்டும்போது விளக்கம் கொடுக்காதீர்கள், அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, உங்கள் காப்பீடு இன்னொருவர் ஓட்டுவதை ஏற்குமா என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.